தீமிதித்த காலுக்கு அரிசி கிடையாது என்றார்கள்

அரிசியை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது நான் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி ஸ்டோருக்குப் போய்விட்டு என் வாசலில் வந்து நின்றாள். எங்கள் வீட்டு அரிசிப் பங்கையும் அவள்தான் வாங்கி வருவாள். அன்றைக்கு எங்கள் பை வெறும் பையாக அவள் கையில் தொங்கியது.

"அஞ்சல, உங்க வீட்டுக்காரர் பேருக்கு இனிமே கிடையாதாம். மண்டோர் சொல்லிட்டாரு" என்றாள். மண்டோர் என்றால் தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி.

பிள்ளைமேல் ஊற்ற எடுத்த தண்ணீர் கையிலேயே இருந்தது.

நம் மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு எழுதித் தரச் சொல்லிப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் நாலாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். எனக்கு என்ன எழுத வரும் என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. சரி தாயே, உன் காரியம், நீயே எழுத வை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஜப்பான்காரன் காலம். நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆடி போய் ஆவணி பிறந்திருந்தது. மலாயாவில் ரந்தாவுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. கையில் ஒரு பெண் குழந்தை, பால்குடி மறக்காதது.

அரிசி நின்ற கதையைச் சொல்ல வேண்டுமென்றால் மரம் விழுந்த கதையிலிருந்து சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் கித்தா மரங்களை, அதாவது ரப்பர் மரங்களை, வெட்டிவிட்டு மரவள்ளி போடச் சொல்லி உத்தரவு வந்தது. என் வீட்டுக்காரர் பால் வெட்டுகிறவர். கத்தி பிடித்த கை அது. கோடாலி வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் காலையில் ஒரு மரம் இவர்கள் நினைத்த பக்கம் சாயாமல் வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. பெரிய கிளை ஒன்று அவருடைய வலது தொடையில் விழுந்து அப்படியே அமுக்கிக்கொண்டது. அதை வெட்டி எடுக்கிறவரைக்கும் அவர் அடியில் கிடந்தார். கிடந்தபடியே, "ஆத்தா, என்னை உயிரோட எழுப்பி விடு, உன் தீக்குழியில இறங்கி வர்றேன்" என்று கத்தினாராம். அங்கே வேலை செய்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

ஆத்தா எழுப்பிவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மூங்கில் வைத்துக் கட்டினார். மருந்து இல்லாத காலம், பாவம் அவர் என்ன செய்வார். எலும்பு கோணலாகக் கூடியது. கால் குட்டையாகிவிட்டது. கம்பு ஊன்றி வீட்டுக்கும் கக்கூசுக்கும் நடப்பார், அதற்கே வேர்த்துப் போய்விடும்.

வேலையில் அடிபட்டு முடங்கினவர்களுக்குத் தோட்டத்தில் அரைப்பங்கு அரிசி கொடுப்பார்கள். வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம். துரை ஓடிப்போன பிறகும் எங்கள் ஆபீசுப் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர், ஜப்பான்காரர்களிடம் பேசி அது நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். பெரிய கிராணி யாழ்ப்பாணத்து மனிதர், கிறிஸ்தவ வேதக்காரர். வெடுக்கென்று பேசுவார், மனசு நல்ல மனசு.

நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அதற்கு நொண்டி அரிசி என்று பேர் வைத்துவிட்டார்கள். "என்ன மாமா, நொண்டி அரிசி வெந்துடுச்சா?" என்று கேலி பண்ணுவார்கள். "வாசல்லதான்டா நொண்டும், வயித்துக்குள்ள நேராத்தான் போகுது. வா, வந்து ஒரு வாய் குடி" என்பார் இவர். அவர் அப்படித்தான். எதற்கும் முகம் சுருங்காது.

அந்த அரிசியில் கஞ்சி காய்ச்சி எனக்குத்தான் முதலில் ஊற்றுவார், பிள்ளைக்குப் பால் ஊற வேண்டுமே என்று. அவர் மரவள்ளியைத் தின்றுகொள்வார். வெறும் கிழங்கைத் தின்று எத்தனையோ வீட்டில் கைப்பிள்ளைகள் வதங்கிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அது எங்களுக்கு அரிசி இல்லை, பிள்ளையின் உயிர்.

ஆடி வந்தது. தீமிதி வந்தது. அவர் காப்புக் கட்டப்போகிறேன் என்றார். இந்தக் காலோடு எப்படி, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே என்று நான் கெஞ்சினேன். "நான் கூப்பிட்டப்ப அவ அடுத்த வருஷம்னு சொன்னாளா?" என்று கேட்டார்.

மஞ்சள் வேட்டிக்குத் துணி ஏது அப்போது? சாக்கை மஞ்சளில் நனைத்துக் கட்டிக்கொண்டார். குழி ஓரத்தில் கம்பை என் கையில் கொடுத்தார். வேப்பிலையைக் கையில் வாங்கினார். இறங்கிவிட்டார்.

அன்றைக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அவர் நொண்டவில்லை. கோணல் கால் கோணலாகவே தெரியவில்லை. கல்யாணத்தன்று எப்படி நடந்தாரோ அப்படி நடந்தார். பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். நான் போடவில்லை, கம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுகரையில் பால் ஊற்றின பால்குழியில் கால் வைத்ததும் மடிந்து விழுந்தார். அதற்குள் அடுத்த ஆள் நெருப்பில் இறங்கியிருந்தார், ஜனங்கள் கண் எல்லாம் அந்தப் பக்கம். என் கொழுந்தனாரும் இன்னொருத்தரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

டவுனிலிருந்து ஜப்பான்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இறங்குகிற பக்கத்தில் நாற்காலி போட்டு மண்டோர் உட்கார வைத்திருந்தார். பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். ஒருத்தர் மட்டும் ஏறுகிற பக்கத்தில் தனியாக நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நாம்தான் அவர்களுக்குக் குனிய வேண்டும், அவர்கள் நமக்காகத் தொப்பி கழற்றி நான் பார்த்ததில்லை. அதனால் அது கண்ணில் பட்டது. பிறகு மறந்துவிட்டேன்.

அன்றிலிருந்து இவர் எழுந்திருக்கவில்லை. பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. ஆனால் பழைய முறிவு வீங்கிப் போய், காய்ச்சல் அனலாக அடித்தது. கம்பு ஊன்றி நடந்த நடையும் போய்விட்டது.

இந்த நிலையில்தான் அரிசியை நிறுத்தினார்கள். என் கொழுந்தனார் மண்டோரிடம் ஓடிப்போய்க் கேட்டிருக்கிறார். "தீயில நடக்கத் தெரிஞ்சவனுக்குக் காட்டுல நடக்கத் தெரியாதா? பெரட்டுக்கு வரச் சொல்லு" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் நிறுத்திக் கணக்கெடுப்பது. அந்த வருஷம் அங்கே நிற்கிற ஆம்பிளைகளில் இருந்துதான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். போனவர்கள் சேதியே வரவில்லை. இவரை இந்தக் காலோடு சயாமுக்கு ஏற்றினால் போய்ச் சேருகிறதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். இங்கே அரிசியும் இல்லாமல் பிள்ளையும் போய்விடும். இரண்டையும் சேர்த்து நினைக்க என்னால் முடியவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

மண்டோரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்ட எண்ணிக்கைக்கு ஆள் காட்டாவிட்டால் அவர் மகனை ஏற்றிவிடுவார்கள். அவருக்கும் வீடு இருந்தது.

பெரிய கிராணி ஆள் அனுப்பிக் கொழுந்தனாரையும் என்னையும் கூப்பிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். டவுனிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி இந்தக் கிழமை வருகிறார், முறையீடு இருந்தால் அவரிடம் சொல்லலாம், அவர் சொல்வதுதான் முடிவு என்றார். அவர் மாட்டேன் என்றால் அதற்குமேல் யாரும் இல்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கொழுந்தனாரைப் பார்த்தார்.

"நீயும் உன்ர அண்ணனும் ஒரே சாயல். மஞ்சள் பூசி நிண்டா ஆருக்குத் தெரியும்? தீ மிதிச்சது நீ எண்டு சொல்லிவிடு. விஷயம் முடிஞ்சுது."

கொழுந்தனார் உடனே சரி என்றார். அவர் உடம்பு நல்ல உடம்பு, தினமும் பெரட்டுக்குப் போகிறவர்தான். இந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பொய்யை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். இவர் காய்ச்சலோடு படுத்திருந்தார்.

"கிழங்கைத் தின்னு இருந்துக்கலாம்" என்றார். "மிதிச்சதை மிதிக்கலைன்னு சொன்னா, இனிமே ஒரு ஆபத்துன்னா எந்த வாயால அவளைக் கூப்பிடுறது?"

கொழுந்தனார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நானும் பிள்ளையைத் தூக்கி அவர் மார்மேல் போட்டு, இதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டேன். பிள்ளை முதுகைத் தடவிக்கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

இன்னொரு சிக்கலும் வந்தது. அதிகாரி முன்னால் யார் போய் நிற்பது? நடந்து வந்தால் நடக்கத் தெரிகிறவன், வராவிட்டால் கேள்வியே இல்லை என்று மண்டோர் சொல்லிவிட்டார். கொழுந்தனாருக்கு வேலையை விட்டு வர அனுமதி இல்லை. பெண்சாதி வரட்டும் என்று பெரிய கிராணி சொல்லி அனுப்பினார். நான்! கடைக்காரரிடம் உப்பு கேட்கவே பாப்பாத்தி முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள்.

மறுநாள் உச்சி வேளையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரி மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. சூடம் இல்லை, எண்ணெய் இல்லை. வேலியிலிருந்த செம்பருத்தியைப் பறித்துக் கம்பிக்குள்ளே போட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஆத்தா, பொய் சொல்லக் கூடாதுங்குறாரு. உண்மையைச் சொன்னா பிள்ளை போயிடும், அவரும் போயிடுவாரு. எனக்குப் பேசவே தெரியாது, உனக்குத் தெரியும். உன் குழியில இறங்கித்தான் இந்தக் கஷ்டம் வந்துச்சு. நீயே வந்து பேசு. நான் சும்மா நிக்கிறேன்."

ஒன்றும் நடக்கவில்லை. பூ விழவில்லை, பல்லிகூடச் சொல்லவில்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது. இரண்டு நாளாகத் தெரியாத பசி தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கிழங்கு அவித்துத் தின்றேன்.

அதிகாரி வந்த நாளில் பாப்பாத்தி ஆபீஸ் படிவரைக்கும் கூட வந்தாள். உள்ளே போய் இடுப்பு மடியக் குனிந்து நின்றேன். நிமிரவே இல்லை. மேசைக்குக் கீழே பூட்ஸ் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு பக்கம் பெரிய கிராணி, இன்னொரு பக்கம் மண்டோர். அதிகாரி மலாயில் கேட்பார், கிராணி தமிழில் சொல்வார்.

முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். உன் புருஷன் பேர் என்ன என்று கேட்டார்கள். புருஷன் பேரை எப்படி வாயால் சொல்வது? பேசாமல் நின்றேன். மறுபடி கேட்டார்கள். "பாத்தீங்களா, புருஷன் பேர் தெரியாத பொண்டாட்டி. இதுங்களுக்கு அரிசி ஒண்ணுதான் தெரியும்" என்றார் மண்டோர். நான் தவித்துப் போய், "பழனிமலையில நிக்கிறவர் பேருங்க" என்றேன். பெரிய கிராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேதக்காரராக இருந்தாலும் அவருக்குத் தெரியாதா. அவரே பேரைச் சொல்லிவிட்டார்.

அடுத்த கேள்வி அதுதான். தீயில் நடந்தது உன் புருஷன்தானா?

கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, அதே மூச்சில், உதடு அசையாமல், "கொழுந்தன் எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

பிள்ளை என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. தமிழ் வரவில்லை. கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரப் பெண்களிடம் கீரை விற்றுக் கற்றுக்கொண்ட மலாய் வந்தது. கிராணியைப் பார்க்காமல், பூட்ஸைப் பார்த்துச் சொன்னேன்.

"டியா ஜாலான் ஆப்பி, துவான். சூடா இத்து ஜாத்தோ. சம்பாய் இனி ஹாரி தா போலே பாங்குன்."

அவர்தான் தீயில் நடந்தார் ஐயா, அதற்குப் பிறகு விழுந்தார், இன்றுவரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை. இதுதான் நான் சொன்னது. இதற்கு மேல் எனக்கு மலாயும் தெரியாது.

கிராணி பெருமூச்சு விட்டது கேட்டது. மண்டோர் ஏதோ பேச ஆரம்பித்தார். அதிகாரி கையைத் தூக்கி நிறுத்தினார். அப்போதுதான் நான் நிமிர்ந்தேன். மேசைமேல் தொப்பி இருந்தது. பின்னால் இருந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மறுகரையில் தனியாக நின்றவர்.

அவர் மலாயில் மெதுவாகப் பேசினார். பாதி எனக்குப் புரிந்தது, மீதியைக் கிராணி சொன்னார்.

"அவரும் அண்டைக்கு அங்க நிண்டவராம். ஒருத்தன் விழுந்ததையும் ரெண்டு பேர் தூக்கினதையும் கண்டவராம். அந்த ஆள்தான் இவன் எண்டு இப்பதான் விளங்கினதாம். இவருடைய ஊரிலும் மலைக்கோயிலில தீ மிதிக்கிறது உண்டாம். இவருடைய தகப்பன் நோயோட மிதிச்சவராம். அடுத்த நாளும் அதே நோயோடதான் கிடந்தவராம்."

பிறகு அதிகாரி என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார். "நீ வேற ஆளைச் சொல்லியிருந்தா, தீ மிதிச்ச பலசாலி எண்டு அவனைத்தான் சயாமுக்குப் போற முதல் லோரியில ஏத்தியிருப்பாராம்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தனார் தலை தப்பியது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேனே, அந்தப் பொய்!

அரிசி திரும்ப வந்தது. இவரைப் பெரட்டுக்குக் கூப்பிடக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சல் விட்டு, பழையபடி கம்பு ஊன்ற ஆரம்பித்த பிறகு கூரைக்கு அத்தாப்பு ஓலை தைக்கிற வேலை கொடுத்தார்கள். ஜப்பான்காரன் போகிறவரைக்கும் அதுதான் செய்தார். அந்த அதிகாரியை நான் மறுபடி பார்க்கவில்லை. எத்தனையோ பேரை அழவைத்தவர்களோடு வந்தவர்தான். ஆனாலும் அவருடைய அப்பாவுக்காக நான் ஒவ்வொரு ஆடியிலும் ஒரு சூடம் ஏற்றுகிறேன்.

இத்தோடு முடித்தால் சாட்சி பாதிதான். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதம் வந்த லோரியில் பாப்பாத்தியின் வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பாப்பாத்தியும் அதே கம்பியைப் பிடித்துத்தான் அழுதாள். ஒரு நாள் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள், "ஆத்தா உன்னைப் பாத்தாளே, என்னை ஏன் பாக்கல?" என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கு நான் எங்கள் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் அடுப்பில் வைத்தேன். இவர் கம்பு ஊன்றிப் பின்னாலேயே வந்தார். "தங்கச்சி, நொண்டி அரிசிதான். பரவாயில்லன்னா சேந்து குடிக்கலாம்" என்றார். பாப்பாத்தி அழுதுகொண்டே சிரித்தாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் ஒரே பானை. அவள் பிள்ளைகளும் என் பிள்ளையும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தார்கள். ஆத்தா எனக்குக் கொடுத்த அரிசியில் அவள் பங்கும் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். கேட்டது நான், கொடுத்தது இரண்டு பேருக்கு.

இப்போது இவரும் இல்லை, பாப்பாத்தியும் இல்லை. தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். கோயில் இருக்கிறது, குழி இருக்கிறது. அந்த வருஷத்துக்குப் பிறகு நான் தீமிதி அன்றைக்கு இறங்குகிற பக்கம் நிற்பதில்லை. மறுகரையில் பால்குழி ஓரத்தில் நிற்கிறேன். ஏறி வருகிறவர்கள் தள்ளாடினால் தோள் கொடுக்கிறேன். எனக்கே இப்போது தோள் கொடுக்க ஆள் வேண்டும், அது வேறு விஷயம். நெருப்பில் நடக்கிறவரைக்கும் அவள் பிடித்துக்கொள்வாள். ஏறின பிறகு நாம்தான் பிடிக்க வேண்டும் என்று என் மனசுக்குத் தோன்றியது.

உங்களில் யாருக்காவது கேட்டது கிடைக்காமல், போன இடத்தில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தால், மறுபடி போங்கள். பேசத் தெரியவில்லையே என்று பயப்படாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், மீதியை அவளிடம் விட்டுவிடுங்கள். அந்த ஆபீசில் அவள் எங்கே நின்றாள் என்று நான் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தபோது சொல் இருந்தது.

இந்த ஆடிக்கும் வருகிறேன். மறுகரையில் தேடுங்கள், அங்கேதான் நிற்பேன்.